பொடியன் போட்ட சிவப்பு வட்டம்

பத்து வயதுப் பெண்ணை யாராவது 'பெருசு' என்று கூப்பிடுவார்களா? அந்த வீட்டில் கூப்பிட்டார்கள். நாலு வயதுத் தம்பிக்குப் 'பொடியன்' என்று பெயர் விழுந்ததும், அக்காவுக்குப் 'பெருசு' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பெயரோடு வேலையும் வந்தது. "பெருசு, கதவைச் சாத்து." "பெருசு, பொடியன் செருப்பு எங்கே?" இப்படியே நாள் ஓடிவிடும்.

வீடு மாடியில் இருந்தது. கீழே அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ. அம்மா பஸ் கண்டக்டர்.

அப்பாவுக்குப் படம் எடுப்பது பாதி வேலைதான். மீதி வேலை கம்ப்யூட்டரில். நெற்றியில் இருக்கும் பரு அங்கே காணாமல் போய்விடும். கலைந்த தலை படிந்துவிடும். முதலில் படத்தை ஒரு தாளில் அச்சிட்டு, வந்தவர் கையில் ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுப்பார்.

"எது பிடிக்கலையோ அதைச் சுத்தி வட்டம் போடுங்க. எடுத்துடலாம்."

ஒருமுறை ஒரு தபால்காரர் தன் மூக்கைச் சுற்றியே வட்டம் போட்டுவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த அப்பாவுக்கு அரை மணி நேரம் ஆனது.

பொடியன் போகும் பாலர் பள்ளியில் ஒரு நாள் எல்லாக் குழந்தைகளுக்கும் படம் கேட்டார்கள். அப்பாவுக்கு ஒரே குஷி. பொடியனை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"எங்கே, சிரிடா ராஜா!"

பொடியன் சிரிக்கவில்லை.

அப்பா தலையில் கேமராப் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஆடிக் காட்டினார். பெருசு ஒற்றைக் காலில் குதித்தாள். பொடியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாயை அகலமாகத் திறந்து, "அம்ம்மா..." என்று அழ ஆரம்பித்தான்.

வாய் திறந்த அந்த நொடியில் கேமரா 'க்ளிக்' என்றது.

அன்று மாலை அப்பா அந்தப் படத்தைச் சரிசெய்தார். கண்ணோரத்தில் இருந்த நீரைத் துடைத்தார். பல்லில் இருந்த கறையை எடுத்தார். ஒரு கன்னம் கொஞ்சம் புடைப்பாகத் தெரிந்ததால் அதைத் தட்டிச் சமமாக்கினார்.

"பாத்தியா பெருசு! அழுத பிள்ளையைச் சிரிக்க வச்சுட்டேன்!"

உண்மைதான். படத்தில் பொடியன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா அதைப் பெரிதாக அச்சிட்டுக் கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்து, "என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு!" என்றார்கள்.

மாடியில் அந்தச் சிரிப்பு இல்லை.

பொடியன் சரியாகச் சாப்பிட்டு நாளாகிவிட்டது. ரொட்டியைக் கொடுத்தால் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுவை மட்டும் நக்கினான். ஆப்பிளைத் தொடவே இல்லை. படுக்கும்போது பாட்டிலில் பால் மட்டும் வேண்டும், அதுவும் வெதுவெதுப்பாக. சாதத்தை வாயில் வைத்தால் விழுங்காமல் ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அம்மா பஸ்ஸில் பேசிப் பேசி, வீட்டிலும் அதே மாதிரி பேசப் பழகிவிட்டாள்.

"உள்ளே போ, உள்ளே போ! வழியை அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது! அடுத்த வாய் ஏறணும்ல?"

மற்ற நாளாக இருந்தால் பொடியன் விழுந்து விழுந்து சிரிப்பான். இப்போது தட்டைத் தள்ளிவிட்டான். சாதம் தரையெல்லாம் சிதறியது.

"பசிக்கலையாடா? வயிறு வலிக்குதா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் என்ன?"

பொடியன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான்.

"அடம். வேற ஒண்ணுமில்ல. நாம குடுத்த செல்லம்," என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை பாலர் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொடியன் 'தக்காளி' என்ற பையனைக் கடித்துவிட்டானாம். தக்காளிக்குக் கன்னம் சிவப்பு, அதனால் அந்தப் பெயர். கையில் நாலு பல் பதிந்துவிட்டதாம். 'தயவுசெய்து ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கோபம் தணிந்ததும் அனுப்புங்கள்' என்று டீச்சர் எழுதியிருந்தார்.

அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். முகம் வாடிவிட்டது.

"இனிமே கெஞ்சுறதெல்லாம் கிடையாது. தட்டுல போட்டு வைப்போம். பசிச்சா தானா சாப்பிடட்டும். பெருசு, நீயும் ஊட்டக் கூடாது. புரியுதா?"

பெருசு தலையாட்டினாள். மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் பெருசிடம் ஒரு ரகசியம் இருந்தது.

அம்மாவின் பஸ் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். அதனால் காலையில் பொடியனுக்குப் பல் தேய்த்துவிடுவது பெருசின் பொறுப்பு. பத்து நாளைக்கு முன்னால், பிரஷ் வாய்க்குள் போனதும் பொடியன் வீடே அதிரும்படி கத்தினான். மறுநாளும் கத்தினான். மூன்றாம் நாள் அவள் விரலைக் கடித்தான்.

நாலாம் நாள் பெருசு பிரஷைத் தண்ணீரில் நனைத்து, அப்படியே குவளையில் வைத்துவிட்டாள்.

"பல் தேய்ச்சாச்சா?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"ஆச்சும்மா."

அன்றிலிருந்து தினமும் பிரஷ் மட்டும் குளித்தது. பொடியனும் கத்தவில்லை, பெருசுக்கும் கடிபடவில்லை. சின்னப் பொய்தானே என்று நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த 'ஆச்சும்மா' கொஞ்சம் கனத்துக்கொண்டே போனது.

சனிக்கிழமை மதியம் பெருசு ஸ்டூடியோவில் இருந்தாள். அச்சிட்ட தாளை எட்டுத் துண்டாக வெட்டுவது அவளுக்குப் பிடித்த வேலை. வெட்டும் கட்டையில் தாளை வைத்து, கைப்பிடியை இறக்கினால் 'சரக்' என்று சத்தம் வரும். அன்று வெட்டியது பொடியனின் படம். யோசனை எங்கோ இருந்ததால் கத்தி இறங்கிய இடம் தப்பிவிட்டது. ஒரு பொடியனுக்குக் காது போய்விட்டது.

"அப்பா, ஒண்ணு வீணாப்போச்சு. இன்னொரு தாள் போட்டுக்கட்டுமா?"

திரைக்குப் பின்னால் அப்பா யாரையோ படம் எடுத்துக்கொண்டிருந்தார். "போட்டுக்கோ. பொடியன் பேர்லதான் இருக்கு. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க சார்... அவ்ளோ இல்ல, கூரையைப் பாக்குறீங்க!"

பெருசு கம்ப்யூட்டரில் தேடினாள். பொடியன் பெயரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தாள்.

சிரிக்கும் பொடியன் வரவில்லை. அழும் பொடியன் வந்தான். அப்பா கைவைக்காத படம் அது.

இடது கன்னம், உள்ளே ஒரு நெல்லிக்காயை வைத்தது போல உப்பியிருந்தது. திறந்த வாயில், கீழ்வரிசையில் பின்னால் ஒரு பல் பழுப்பாக இருந்தது.

"அப்பா, பொடியன் பல்லுல இது என்ன?"

"சாக்லேட்டும்மா. அதான் எடுத்துட்டேனே!"

பெருசு யோசித்தாள். பொடியனா? சாக்லேட்டா? போன வாரம் அவள் பாதி கொடுத்தபோதுகூட அவன் வேண்டாம் என்று தள்ளிவிட்டானே! சாக்லேட்டை வேண்டாம் என்று சொல்லும் பொடியனை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"அப்பா, அவன் கன்னம்..."

"வெளிச்சம் சரியா விழலைம்மா. இரு, ஆள் காத்திருக்காரு."

பெருசு அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த அழுகைப் படத்தை முழுத்தாள் அளவில் அச்சிட்டாள். சிவப்புப் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள், அப்பாவைப் போலவே. மாடிக்குப் போனாள்.

பொடியன் மேஜைக்கு அடியில் இருந்தான். இடது கன்னத்தைக் குளிர்ந்த தரையில் அழுத்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். காலையில் தட்டில் போட்ட ரொட்டி அப்படியே காய்ந்து கிடந்தது.

பெருசும் குனிந்து தவழ்ந்து உள்ளே போனாள். தலையில் 'ணங்' என்று இடித்துக்கொண்டாள்.

"வணக்கம் சார். உங்க போட்டோ ரெடி."

பொடியன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். ஸ்டூடியோ விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர். மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"எனக்கு மீசை வேணும்," என்றான். குரல் கம்மியிருந்தது.

"மீசைக்குத் தனிக் காசு சார். முதல்ல எதை எடுக்கணும்னு சொல்லுங்க. எது பிடிக்கலையோ, அதைச் சுத்தி வட்டம் போடுங்க."

பொடியன் பென்சிலை முஷ்டிக்குள் பிடித்தான். படத்தைப் பார்த்தான். கண்ணில் வழியும் நீரில் அவன் வட்டம் போடவில்லை. கலைந்த முடியிலும் போடவில்லை. நேராக இடது கன்னத்துக்குப் போனான். ஒரு வட்டம். அதன் மேலேயே இன்னொன்று. இன்னொன்று. தாள் கிழியும் வரை சுற்றிக்கொண்டே இருந்தான்.

"இதை எடுத்துடுங்க," என்றான். "இது கத்திக்கிட்டே இருக்கு."

பெருசு இன்னும் கிட்டே நகர்ந்தாள். "எப்போ கத்தும் சார்?"

"தண்ணி குடிச்சா. கடிச்சா. படுத்தா நிறைய கத்தும்." கொஞ்சம் யோசித்து, "தக்காளி கன்னத்தைப் பிடிச்சு இழுத்தான். அப்போ ரொம்பக் கத்துச்சு. அதான் கடிச்சேன்," என்றான்.

"அம்மா வலிக்குதான்னு கேட்டப்போ ஏன்டா சொல்லல?"

பொடியன் அவளை வியப்பாகப் பார்த்தான். "அம்மா வயிறு வலிக்குதான்னு கேட்டாங்க. வயிறு வலிக்கலையே!"

பெருசு அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பழுப்புப் பல்லில் ஒரு குழி இருந்தது. பக்கத்து ஈறில் கடுகளவில் ஒரு கொப்புளம். அது சாக்லேட் இல்லவே இல்லை.

சரியாக அந்த நேரத்தில் கதவு திறந்தது. அம்மா வேலை முடிந்து வந்துவிட்டாள். தோள்பையை ஆணியில் மாட்டி, செருப்பைக் கழற்றி, "மேஜைக்கு அடியில எத்தனை பேரு?" என்று களைப்போடு கேட்டாள்.

பெருசு வெளியே வந்தாள். கிழிந்த படத்தை நீட்டினாள்.

"அம்மா, பொடியனுக்குப் பல் வலி. அடமெல்லாம் இல்ல. பல்லு சொத்தையாகி ஈறு வீங்கியிருக்கு."

அம்மா படத்தைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "பல்லா? அதெப்படி? நீதானே தினமும் தேய்ச்சு விடுற? ஒரு நாளும் ஒண்ணும் சொல்லலையே?"

பெருசு நின்றாள். 'ஆமாம், நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சு' என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னால், வலி நேற்றுத்தான் வந்தது என்று ஆகிவிடும். அவன் பத்து நாளாகத் தனியாகப் பட்டதெல்லாம் அடம் என்றே ஆகிவிடும்.

"தேய்க்கலம்மா," என்றாள். "பிரஷ் பட்டாலே கத்தினான். என்னையும் கடிச்சான். அதனால பிரஷை மட்டும் நனைச்சு வச்சேன். தேய்ச்சாச்சுன்னு பொய் சொன்னேன்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பெருசு காத்திருந்தாள். அம்மா திட்டவில்லை. மேஜைக்கு அடியில் கையை நீட்டி, பொடியனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கன்னத்தில் புறங்கையை லேசாக வைத்துப் பார்த்தாள்.

"சுடுதே..." என்றாள். குரல் உடைந்தது. "பாட்டில்ல சர்க்கரை போட்டுப் பாலைக் குடுத்து, இவன் வாயிலேயே வச்சுத் தூங்கட்டும்னு விட்டவ நான். சீக்கிரம் எழுந்திரிக்கணுமேன்னு அவசரம் எனக்கு. போ, அப்பாவைக் கூப்பிடு. பல் டாக்டர் இன்னும் இருப்பாங்க."

அப்பா மாடிக்கு வந்து படத்தைக் கையில் வாங்கினார். வட்டத்தின் கிழிசல் வழியாக அவர் விரல் தெரிந்தது.

"என் கண்ணெதிர்லயே இருந்துருக்கு," என்றார். "நானே உட்கார்ந்து அழிச்சிருக்கேன்."

பல் டாக்டரின் அறை அடுத்த தெருவில் இருந்தது. அவர் உயரமான அக்கா. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன. பெரிய நாற்காலியைப் பார்த்ததும் பொடியன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கஸ்டமர், உங்க போட்டோவைக் காட்டுங்க," என்று பெருசு காதில் சொன்னாள்.

பொடியன் படத்தை டாக்டரிடம் நீட்டினான். "இதை எடுத்துடுங்க."

டாக்டர் வாங்கிப் பார்த்தார். "அருமையான போட்டோ. எந்தப் பல்லுன்னு பளிச்சுன்னு தெரியுது. இதை யாரு எடுத்தது?"

அப்பா நெளிந்தார். "நான்தான் டாக்டர். ஆனா சரிபண்ணாதது..."

"நல்லவேளை, அழிச்சுடாம வச்சிருந்தீங்க."

அம்மாவின் மடியில் உட்கார்ந்தபடியே பொடியன் வாயைத் திறந்தான். டாக்டர் ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டே பார்த்தார். கீழே இடப்பக்கம் வந்ததும் எண்ணுவதை நிறுத்தினார்.

"வேருக்குக் கீழே சீழ் கட்டியிருக்கு. இந்த வலியைப் பெரியவங்களாலேயே தாங்க முடியாது. இவன் எப்படித் தாங்கினான்?"

அம்மா பொடியனின் தலையைத் தடவினாள்.

"பால் பல்தானே டாக்டர்? தானா விழுந்துடாதா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பல் தானா விழ இன்னும் ஆறு வருஷமாவது ஆகும் சார். அதுவரைக்கும் சாப்பிடாம இருப்பானா?" டாக்டர் பெருசைப் பார்த்தார். "நீ வாயைத் திற பார்ப்போம். ம்ம், பாருங்க. உங்க பெரிய பொண்ணுக்கே இன்னும் பால் பல் இருக்கு!"

பெருசுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கைவிரல்களைப் பின்னிக்கொண்டு கேட்டாள்.

"நான் ஒரு வாரமா தேய்க்கல. அதனாலதான் இப்படி ஆச்சா?"

டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். "இல்லம்மா. இவ்வளவு பெரிய குழி ஒரு வாரத்துல விழாது. மாசக்கணக்கா ஆயிருக்கும். பிரஷ் பட்டதும் அவன் கத்தினான் பாரு, அன்னிக்கே அங்க வலி இருந்திருக்கு. அதை அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லியிருந்தா, பத்து நாள் முன்னாடியே இங்க வந்திருப்பான். அவ்வளவுதான்."

பெருசு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அம்மா அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் வீக்கம் குறைய மருந்து கொடுத்தார். புதன்கிழமை வரச் சொன்னார். வேறு இரண்டு பற்களில் சொத்தை தொடங்கும் அடையாளமாக இப்போதுதான் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, அவற்றைக் காப்பாற்றிவிடலாம் என்றார். பாலை டம்ளரில் குடிக்கட்டும், அதற்குப் பிறகு பல் தேய்த்துவிட்டுத் தூங்கட்டும் என்றார்.

"பாட்டில்?" என்று பொடியன் கவலையாகக் கேட்டான்.

"பாட்டில்ல தண்ணி குடிக்கலாமே."

பொடியனிடம் அந்த யோசனை அவ்வளவாக எடுபடவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தான்.

புதன்கிழமை மரத்துப்போகும் மருந்து போட்டு டாக்டர் அந்தப் பல்லை எடுத்துவிட்டார். பொடியன் அம்மாவின் ஒரு கையையும் பெருசின் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் அழுதான். எழுந்ததும், "இப்போ அது கத்தல," என்று ஆச்சரியமாகச் சொன்னான். அதையே வீடு வரும் வரை வழியில் பார்த்த எல்லாரிடமும் சொன்னான், ஒரு பூனை உட்பட.

அப்பா பாலர் பள்ளிக்குப் போய் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னார். டீச்சர், "ஐயோ, கடிச்ச கையைப் பார்த்தேன், கடிச்ச வாயைப் பார்க்கலையே," என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரம் பொடியன் பள்ளிக்குப் போனபோது தக்காளி பத்தடி தள்ளியே நின்றான். பொடியன் வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். தக்காளி ஓரடி முன்னால் வந்தான். இன்னொரு தரம் காட்டினான். தக்காளி பக்கத்திலேயே வந்து, "உள்ளே என்ன தெரியுது?" என்று எட்டிப் பார்த்தான். அப்புறம் இருவரும் ஒரே ஊஞ்சலுக்கு ஓடினார்கள்.

அந்த ஞாயிறு அம்மாவுக்கு விடுமுறை. காலையில் பெருசு பொடியனுக்குப் பல் தேய்த்துவிட்டாள், நிஜமாகவே. நுரை அவள் சட்டையெல்லாம் தெறித்தது. பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டு நிறைய ரொட்டி. பொடியன் முதல் துண்டை ஓரத்தோடு தின்றான். இரண்டாவதையும் தின்றான். மூன்றாவதற்குக் கை நீட்டினான். அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தட்டில் கடைசியாக ஒரு துண்டு மிச்சமிருந்தது. இரண்டு கைகள் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுந்தன.

"அது என்னோடது!"

"நீ மூணு தின்னாச்சு! விடுடா!"

"நீதான் பெருசு! நீ விடு!"

"பெருசுக்குத்தான்டா பசி அதிகம்!"

கத்தல் தெரு வரைக்கும் கேட்டது. அப்பா சண்டையை விலக்க எழுந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருங்க," என்றாள். "கொஞ்ச நேரம் கேட்போம்."